ரதி வேஷமும் அவதார் சட்டையும்

கணினிக்குள்ளே ஒரு மேடை. அதில் நடந்து வருவது ஆட்களின் அவதார்கள். உடுத்தியிருப்பது யாரோ ஒரு டிசைனர் மென்பொருளில் வரைந்து விலை போட்ட உருப்படி. பார்க்க வந்தவர்களும் அவதார்கள்தான். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இறக்கை முளைத்த பெண் பிரேசிலில் இருக்கலாம், பக்கத்து நாற்காலி நரிமுகக்காரர் ஜப்பானில் இருக்கலாம். மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் உளநலம் பற்றி ஒரு வாசகம். விற்கிற சட்டைக் காசில் ஒரு பங்கு ஏதோ ஓர் உளநல அமைப்புக்குப் போகும்.

மெய்நிகர் உலகத்தில் உளநலத்துக்காக நடக்கிற ஃபேஷன் நிகழ்ச்சி என்றால் ஏறத்தாழ இதுதான். "பசறைக்கும் லுணுகலைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம், லயத்துக்குள்ள சிக்னலே ஒழுங்கா வராது" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா உடம்புக்கு வேறொரு வேஷம் கட்டி, ஊரைக் கூட்டி, மனசு நோவை ராத்திரி முழுக்க நடுவில் வைத்துப் பார்க்கிற வேலை ஊவாத் தோட்டங்களுக்குப் புதுசு இல்லை. கம்ப்யூட்டர் என்ற ஒன்று உலகத்தில் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே நம்ம ஆட்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அதுக்குப் பேர் காமன் கூத்து. இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேஷம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று கொஞ்சம் தெளிவாகும்.

முதலில் புதுசை முடித்துவிடுவோம், அதன் கதை சின்னது.

திரைக்குள் நமக்காக நிற்கிற உருவத்துக்கு அவதார் என்று பேர் வைக்கிற பழக்கம் 1980களின் நடுவில் கணினி விளையாட்டுகளில் தொடங்கியது. 1992இல் நீல் ஸ்டீபன்சன் எழுதிய 'ஸ்னோ க்ராஷ்' நாவல் அதைப் பரப்பியது. மெட்டாவர்ஸ் என்ற சொல்லும் அந்த நாவலில் வந்ததுதான். 2003 ஜூன் மாதம் லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. அங்கே நிறுவனம் கதை எதையும் எழுதிவைக்கவில்லை. வீடு, மரம், முடி, சட்டை எல்லாவற்றையும் அங்கே வாழ்கிறவர்களே செய்து விற்கலாம். அதனால் அங்கே முதலில் செழித்த தொழில்களில் ஒன்று தையல். ஊசி நூல் இல்லாத தையல். 2005 முதல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னுடைய 'ரிலே ஃபார் லைஃப்' நிதி திரட்டலை செகண்ட் லைஃபுக்குள்ளும் நடத்தியது. அதன் ஒரு பகுதியாக 'ஃபேஷன் ஃபார் லைஃப்' என்று ஆடைச் சந்தை வந்தது. கடைக்காரர் சில உருப்படிகளைத் தனியாகத் தானப்பெட்டியில் வைப்பார், வாங்குகிறவர் கொடுக்கும் காசு நேரே சங்கத்துக்குப் போகும். அந்த அச்சை எடுத்துத்தான் மனச்சோர்வு, தற்கொலைத் தடுப்பு, போருக்குப் பிந்திய மனவடு என்று மற்றவர்களும் நிகழ்ச்சி வைத்தார்கள். 2022 மார்ச்சில் 'டிசென்ட்ராலேண்ட்' என்ற தளத்தில் மெட்டாவர்ஸ் ஃபேஷன் வீக் நடந்தபோது டோல்சே அண்ட் கபானா, டாமி ஹில்ஃபிகர் மாதிரி பெரிய கம்பெனிகளே உள்ளே வந்துவிட்டன.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2021 மே மாதம் ரோப்லாக்ஸ் விளையாட்டுக்குள் குச்சி கம்பெனியின் மெய்நிகர் கைப்பை ஒன்று 4,000 டொலருக்கு மேல் மறுவிற்பனை ஆனது. கையில் தொட முடியாத பை. அதே வருஷம் மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அன்றைய டொலர் விலைக்கு, அந்தப் பை எண்ணூறு நாள் பேர்.

மாசி மாதத்து வேஷம்

காமன் கூத்தை மலையகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து வந்தவர்கள். அங்கே இன்றும் காமன் பண்டிகை உண்டு. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடுவார்கள். சிலப்பதிகாரத்திலேயே காமவேள் கோட்டம் வருகிறது. ஆனா ராமேஸ்வரக் கரையைத் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிச்சப்பேர் மலை ஏறிய பிறகு, அதே கதைக்கு வேறு ஒரு கனம் வந்துவிட்டது என்பது என் வாசிப்பு. பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். அதுக்கு முந்தின தலைமுறை மடூல்சீமைக்கும் நமுனுகுலைக்கும் நடந்தே வந்த தலைமுறை.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். சிவன் தவத்தில் இருக்கிறார். தவம் கலைந்தால்தான் முருகன் பிறப்பான், அசுரன் சாவான். தேவர்கள் மன்மதனைக் கூப்பிட்டு, போய்க் கரும்பு வில்லால் அம்பு விடு என்கிறார்கள். ரதி, போகாதே என்று மன்றாடுகிறாள். மன்மதன் போகிறான். சிவன் நெற்றிக்கண் திறக்க, சாம்பலாகிறான். ரதி அழுது புலம்புகிறாள். கடைசியில் மன்மதனுக்கு உயிர் திரும்புகிறது, ஆனா ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான்.

மேலே இருக்கிறவர்கள் வேலை சொல்கிறார்கள். போகிறவன் ஒருத்தன், எரிகிறவனும் அவனே. வேலை சொன்னவர்கள் யாரும் எரியவில்லை. இதைத் தோட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற நாளில் காமன் கம்பம் நட்டுக் காப்புக் கட்டுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் கூத்து. விடியப்போகிற நேரத்தில் காமன் எரிப்பு. அதுக்கு மூன்றாம் நாள் உயிர்ப்பு. தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மன்மதன், ரதி, சிவன், தூதன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி என்று ஒருவர் பின் ஒருவராக வேஷங்கள் வரும். பின்னால் தப்பு அடித்துக்கொண்டே இருக்கும். நடுச்சாமத்துக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நெருப்பு மூட்டி, சனம் சுற்றிவர உட்கார்ந்திருக்கும்.

உடையைக் கவனிப்போம், ஏனென்றால் விஷயமே உடைதானே. கிரீடம் அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டியது. தோளில் கட்டுகிற புஜகீர்த்தியும் அப்படித்தான். முகத்தில் அரிதாரம். ரதி வேஷம் கட்டுகிறவர் காலங்காலமாக ஆண். அவருக்கு உடுத்துகிற சேலை லயத்தில் யாரோ ஓர் அக்காவின் பெட்டியிலிருந்து வந்த நல்ல சேலை. காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, கணக்கப்பிள்ளையிடம் பேச்சு வாங்கி, புல்லு வெட்டப் போன அதே ஆள் ராத்திரி மன்மதன். வேஷக்காரர் விரதம் இருக்க வேண்டும். காப்புக் கட்டிய பிறகு அவர் வெறும் நடிகர் இல்லை, சனம் அவரைக் கும்பிடும். சிலருக்கு அருள் வந்து ஆட்டம் மீறிப் போவதும் உண்டு, பிடித்து உட்கார வைத்துத் திருநீறு போடுவார்கள்.

காமன் எரிந்த பிறகு ரதி புலம்பல். எனக்குக் கூத்தில் முக்கியமான இடம் இதுதான். நம்ம ஊரில் ஒப்பாரி பெண்கள் சொத்து. சாவு வீட்டில் ஒருத்தி தொடங்க, மற்றவள் தன்னுடைய பழைய சாவையும் அதில் சேர்த்து அழுவாள். ரதி புலம்பலிலும் அதுவே நடக்கிறது. அழுகிற ரதி ஆண்தான், சேலை இரவல்தான், கதை புராணம்தான். ஆனா சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்கள் அழுவது நிஜம். யாருக்காக அழுகிறாள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதுதான் அந்த இடத்தின் மரியாதை.

அழுவதற்கு என்ன இல்லை? 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அக்கா அங்கே, தங்கச்சி இங்கே. பதுளை ஸ்டேஷனிலிருந்தும் வழியில் இருக்கிற ஸ்டேஷன்களிலிருந்தும் தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வந்துவிட்டது. 1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழ்க் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பலருடைய உடம்பு கிடைக்கவே இல்லை. உடம்பு கிடைக்காத சாவுக்கு எப்படி அழுவது என்று எந்தச் சடங்கும் தெளிவாகச் சொல்லித்தராது. ரதிக்கும் உடம்பு கிடைக்கவில்லை, சாம்பல்தான்.

இதைச் சொல்லிவிட்டு, கூத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். பெண்களின் துயரத்தை ஆண்களே வேஷம் கட்டி ஆடினார்கள். பெண்ணுக்கு மேடை இல்லை. தப்பு அடிக்கிறவர் யார், மன்மதன் கட்டுகிறவர் யார் என்பதைச் சாதி தீர்மானித்த தோட்டங்கள் உண்டு. தப்பு இல்லாமல் கூத்தே இல்லை, ஆனா தப்பு அடிக்கிறவருக்குத் தேத்தண்ணி தனிக் கோப்பையில் போன காலமும் அதே காலம்தான். கூத்து முடிந்து சாராயம், சாராயம் முடிந்து வீட்டில் அடி. ரதிக்காக அழுத பெண் மறுநாள் ராத்திரி தன் வீட்டுக்குள்ளே தனியாகத்தான் அழுதாள்.

முகமூடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது

வேஷம் போட்டு நோவைப் பிடிக்கிற பழக்கம் நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. சிங்கள மக்களிடம் சன்னி யக்கும என்ற சடங்கு இருக்கிறது. 18 சன்னி, 18 முகமூடி, ஒவ்வொன்றும் ஒரு நோய். அதில் ஒன்றுக்குப் பேர் பிஸ்ஸு சன்னிய, அதாவது பைத்தியச் சன்னி. நோய் முகமூடி போட்டு நேரே வந்து நிற்கும். கேலி செய்வார்கள், சனம் சிரிக்கும், அதை விரட்டிவிடுவார்கள். சிரிப்பும் மருந்தின் ஒரு பகுதி. நம்ம பக்கம் கோடாங்கி உடுக்கை அடித்து, உள்ளே இருப்பது யார் என்று கேட்பதும் இதுக்குச் சொந்தக்காரச் சடங்குதான்.

மந்திரவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் லண்டனைப் பார்க்கலாம். ஜூலியன் லெஃப் என்ற மனநல மருத்துவர் அவதார் சிகிச்சை என்று ஒன்றை உருவாக்கினார். காதில் குரல்கள் கேட்டு அவதிப்படுகிறவர், அந்தக் குரலுக்கு எப்படிப்பட்ட முகம் இருக்கும் என்று கணினியில் உருவம் செய்கிறார். மருத்துவர் அந்த உருவத்தின் வாயால் பேசுகிறார். நோயாளி அதற்கு எதிர்த்துப் பேசப் பழகுகிறார். நாளாக ஆக அந்த உருவம் அடங்கிப் போகிறது. 150 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2018இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. 12 வாரத்தில், சாதாரண ஆலோசனை பெற்றவர்களைவிட அவதார் சிகிச்சை பெற்றவர்களுக்கு நல்ல முன்னேற்றம். 24 வாரத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. இந்த இரண்டாவது வரியையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருங்க, பிறகு தேவைப்படும்.

நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இருவர் 2007இல் காட்டிய இன்னொன்று: உயரமான அவதார் கிடைத்தவர், பேரம் பேசும்போது கூடுதல் துணிச்சலாகப் பேசுகிறார். உடுத்துகிற உருவம் உள்ளே இருக்கிற ஆளையும் கொஞ்சம் மாற்றுகிறது. புரோட்டியஸ் விளைவு என்று பேர் வைத்தார்கள். தோட்டத்தில் இதை யாரும் ஆராய வேண்டியதில்லை. பெரிய கங்காணி கோட்டுப் போட்டுத் தலைப்பாகை கட்டியதும் அவர் நடையே மாறிய கதையை நம்ம பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள்.

உடை தோட்டத்தில் எப்பவும் அரசியல்தான். மழைக்கும் குளிருக்கும் தொழிலாளிக்குக் கொடுத்த கம்பளியைத் துரைமார் 'கம்ளி' என்று தங்கள் இங்கிலீஷிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதாவது போர்த்திக்கொண்டதே கடன். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, நெற்றியில் கூடைக்கயிறு. இந்த உருவம்தான் டீ பெட்டியிலும் சுற்றுலாப் போஸ்டரிலும் சிரித்துக்கொண்டு நிற்கிறது. சிரிக்கச் சொன்னது கேமராக்காரர். வருஷத்துக்கு ஒரு புதுத்துணிக்குத் தீபாவளி அட்வான்ஸ், பிறகு மாதா மாதம் அதைச் சம்பளத்தில் கழிப்பது என்று இன்றைக்கும் ஓடுகிறது. 1978இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் திறந்த பிறகு வந்த தலைமுறைகளில் ஊவாப் பிள்ளைகளும் கார்மெண்ட்ஸுக்குப் போனார்கள். உலகம் போடுகிற உடுப்பைத் தைத்துவிட்டு, போர்டிங் அறையில் ஏழு பேரோடு படுத்துக்கொண்டு, "நல்லா இருக்கேன்மா" என்று போனில் சொல்கிற அக்காமாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஃபேஷனுக்கும் மனசு நோவுக்கும் சம்பந்தம் தேடி மெட்டாவர்ஸ் வரைக்கும் போக வேண்டாம், கட்டுநாயக்கா பஸ்ஸில் ஏறினால் போதும்.

கையில் எழுதிய ஒரு வரி

2019 செப்டம்பர், மிலான் நகரம். குச்சி கம்பெனியின் ஃபேஷன் ஷோ. வெள்ளைத் துணியில், பழைய காலத்து மனநல விடுதிகளில் நோயாளியின் கையைக் கட்டிப்போடுகிற சட்டை மாதிரி தைத்த உடுப்புகள் முதலில் வந்தன. அதை உடுத்தி வந்த மாடல்களில் ஒருவரான ஆயிஷா டான் ஜோன்ஸ் உள்ளங்கை இரண்டையும் தூக்கிக் காட்டினார். உளநலம் ஃபேஷன் அல்ல என்ற பொருளில் இங்கிலீஷில் கையிலேயே எழுதியிருந்தார். கம்பெனி, அந்த உடுப்புகள் விற்பனைக்கு இல்லை, அது ஒரு கருத்து மட்டும்தான் என்று விளக்கம் சொன்னது. கருத்துச் சொல்ல அவர்கள் எடுத்தது யாருடைய உடுப்பு? விரும்பிப் போடாதவர்களின் உடுப்பு. நம்ம நாட்டில் 1873இல் வெள்ளைக்காரன் போட்ட பைத்தியக்காரர் சட்டம் ரொம்ப நீண்ட காலம் உளநலச் சட்டத்துக்கு அடித்தளமாக இருந்தது. 1920களில் கட்டிய அங்கொடை ஆஸ்பத்திரியின் பேர் பள்ளிக்கூடத்தில் ஏச்சு வார்த்தை ஆகிவிட்டது. "இவன் அங்கொடை கேஸ்" என்று நீங்களும் கேட்டிருப்பீங்க, சிலபேர் சொல்லியும் இருப்பீங்க.

விழிப்புணர்வு என்று ஒரு சொல்லை எல்லோரும் சொல்கிறோம். 1992 முதல் அக்டோபர் 10 உலக உளநல தினம். போஸ்டர், ஊர்வலம், ஹாஷ்டேக், இப்ப அவதார் ஷோ. ஆனா இலங்கையில் உயிரைக் காப்பாற்றியது எது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. அன்றைய உலகத்தில் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அதுக்குப் பிறகு பத்து வருஷத்தில் பாதியாக இறங்கியது. காரணம் கவுன்சலிங்கும் இல்லை, பிரசாரமும் இல்லை. 1984இல் சில கொடிய பூச்சிமருந்துகளுக்குத் தடை, 1995இல் மிகக் கொடிய வகை முழுவதற்கும் தடை, 1998இல் இன்னொன்றுக்கு. ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, 1986 முதல் 1995 வரையான பத்து வருஷத்தோடு ஒப்பிட்டால் அடுத்த பத்து வருஷத்தில் ஏறத்தாழ 20,000 சாவு குறைவு. வேலையின்மை, குடி, போர் எதுவும் அந்த இறக்கத்துக்குக் காரணமாகப் பொருந்தவில்லை. துயரம் குறைந்துவிடவில்லை, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தொகை அந்த வேகத்தில் இறங்கவில்லை. ஒரு கணத்துக் கோபத்திலோ அவமானத்திலோ கை நீட்டியவருக்கு, அந்தக் கணத்தைத் தாண்டி உயிரோடு இருக்க வழி கிடைத்தது, அவ்வளவுதான். 1998இல் இன்னொன்றும் நடந்தது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டம் நீங்கியது. அதுவரைக்கும் பிழைத்து எழுந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ் வந்து நிற்கலாம் என்ற பயம் இருந்தது.

இதை எந்த மேடையிலும் வேஷம் கட்டி ஆட முடியாது. வர்த்தமானி அறிவித்தலுக்குக் கிரீடம் வைக்க முடியாது. பார்க்கச் சுவாரசியம் இல்லாத வேலைதான் 20,000 பேரை வீட்டில் வைத்திருந்தது.

அப்ப ஷோ எல்லாம் வீணா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். முகம் தெரியாமல் பேச ஓர் இடம் வேண்டியிருக்கிறது, அதுவும் தோட்டத்தில் ரொம்ப. லயத்தில் சுவர் ஒன்று, காது இருபது. "மனசு சரியில்ல" என்று சொல்ல நம்மிடம் நேரான சொல்லே குறைவு. தலைச்சுத்து, நெஞ்சு படபடப்பு, நரம்பு வியாதி, காத்துக் கருப்பு என்றுதான் அது டிஸ்பென்சரிக்கு வரும், பனடோலோடு திரும்பும். கொஞ்சம் முற்றினால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. மொழிபெயர்க்க ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் கூடப் போவாள். அப்பா அடிக்கிறதையும், சாக நினைத்ததையும் அந்தப் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்லுவாள் அம்மா? 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. 1999இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் வந்தன. அந்த மகள் இன்னும் லீவு போட்டுக் கூடப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆகவே நம்ம பக்கத்துப் பிள்ளைகள் யாராவது ஒரு நாள் அவதார் ஷோ வைத்தால் நான் போய்ப் பார்ப்பேன். கேள்வி மூன்று கேட்பேன். ஒன்று, வேஷம் கட்டுகிறவர் யார்? காமன் கூத்தில் மன்மதன் வெளியூரான் இல்லை, மூணாம் நம்பர் லயத்துக்காரன். அந்த நோவுக்கு உரியவர்களே மேடையில் இருந்தார்கள். வேறு யாரோ இவர்களுக்காக இரக்கப்பட்டு ஆடவில்லை. இந்தத் தடவை ரதியைப் பெண்ணே கட்டட்டும், உருவத்தையும் அவளே தைக்கட்டும், டேட்டா காசு யார் கொடுப்பது என்றும் முன்னாலேயே பேசிக்கொள்ளட்டும். இரண்டு, ஷோ முடிந்த பிறகு யார் இருக்கிறார்? அவதார் சிகிச்சைக்குப் பின்னால் பேர் தெரிந்த ஒரு மருத்துவர் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்திருந்தார், அப்படி இருந்துமே 24 வாரத்தில் வித்தியாசம் கரைந்தது. ஒரு ராத்திரிப் பதாகை எத்தனை நாள் தாங்கும்? தேசிய உளநல நிறுவனத்தின் 1926, உளவளத்துணைக்கு 1333 என்ற நம்பர்களைப் போஸ்டரில் போடுவது நல்லது. போடுகிறதுக்கு முன்னால் நீங்களே ஒரு தடவை கூப்பிட்டு, எந்த நேரம் தமிழில் பேச ஆள் கிடைக்கிறார் என்று கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதுங்க. மூன்று, காசு எங்கே போகிறது? தானப்பெட்டிச் சட்டை விற்ற காசு எந்தக் கதவைத் திறக்கப் போகிறது என்று பேர் சொல்லிச் சொல்ல முடியாவிட்டால் அது வெறும் சட்டை விற்பனை.

கூத்தும் அதற்குள்ளே சும்மா இருக்கவில்லை. கொஞ்ச வருஷமாக மாசி ராத்திரிகளில் காமன் திடலைச் சுற்றி நெருப்போடு போன் வெளிச்சமும் தெரிகிறது. பையன்கள் ஃபேஸ்புக் லைவ் போடுகிறார்கள். பார்க்கிறவர்களில் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில், மற்றவர்கள் குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போன நம்ம அம்மாமார். படம் ஆடும், தப்புச் சத்தம் விட்டு விட்டு வரும். ஊவாவில் விடிய நாலு மணிக்குக் காமன் எரியும்போது குவைத்தில் ராத்திரி ஒன்றரை. மேடம் எழும்பிவிடாமல் சத்தத்தைக் குறைத்து, சமையலறைத் தரையில் போனை வைத்துக்கொண்டு, ரதி புலம்பல் முடியும்வரை பார்ப்பார்கள். கீழே ஒவ்வொருவராகத் தங்கள் தோட்டத்துப் பேரை மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள்.